ஐம்பது கிலோ எண்ணூறு கிராம்

மழைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள் சாங்பே சோற்றைத் தொடவில்லை. ஈரக் காற்று வயிற்றுக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று அவர் மனைவி மால்சூன் விட்டுவிட்டாள். நான்காம் நாள் தண்ணீரையும் தள்ளி வைத்தார். ஐந்தாம் நாள் காலையில் குடல் கழுவிய தண்ணீரைக் கொட்டுவதற்காக அவள் தங்கள் குடல்சூப் கடைக்குப் பின்னால் போனாள். அவர் சுவரோரம் குந்தியிருந்து காலி மீன் டப்பாவில் எச்சில் துப்பிக்கொண்டிருந்தார். டப்பா கால்வாசி நிறைந்திருந்தது.

எதற்கென்று கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட சத்தம் அது. சூயிங்கம்மை மென்று மென்று, வாயில் ஊறுவதையெல்லாம் துப்ப வேண்டும். உடம்பில் கடைசியாக ஒட்டியிருக்கும் தண்ணீரைக் குத்துச்சண்டைக்காரர்கள் அப்படித்தான் வெளியே எடுப்பார்கள்.

"எடை எப்போ?" என்று கேட்டாள். வேறெப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

"நாளைக்கு."

"இப்ப எவ்வளவு?"

"ஐம்பத்திரண்டு நானூறு. தூஷிக் போட்டுப் பாத்தான். இன்னும் ஒண்ணு அறுநூறு இறங்கணும்."

"யார்கூடச் சண்டை?"

"இல்க்யூகூட. ஒனக்குத்தான் தெரியுமே."

மறுபடி துப்பினார். எச்சில் வரவில்லை. நூல் மாதிரி ஒன்று உதட்டில் தொங்கியது. அதைக் கையால் வழித்துக் காலில் தேய்த்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து அழுகின ஆப்பிள் வாடை வந்தது.

சாங்பேக்கு ஐம்பத்தெட்டு வயது. எழுபத்து நாலில் ஆசியப் பட்டம் வாங்கியவர். எடை வகுப்பு ஐம்பது கிலோ எண்ணூறு கிராம். அந்தத் தலையில் விழுந்த அடிகள் முதலில் கை நடுக்கமாக வெளியே வந்தன. பிறகு பேச்சு குழறியது. ஆறு வருஷமாக நாள் கிழமை பிடிபடுவதில்லை. மகள் யொங்ஜு போன் செய்தால் சில நாள் மகள் என்று தெரியும். சில நாள் மரியாதையாக, "நீங்க யாருங்க?" என்று கேட்பார். கடை மூலையில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம்.

மூன்று வாரமாக விடியலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு துறைமுகச் சாலையில் நடந்துவிட்டு வந்தார். நடப்பது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அவள் சந்தோஷப்பட்டாள். சோறு பாதியானதும் இடுப்பு வாரில் புது ஓட்டை விழுந்ததும் கண்ணில் பட்டுத்தான் இருந்தன. சந்தை நேரத்தில் ஒருத்தி எதையெல்லாம் பார்ப்பாள்?

அவள் பார்ப்பது குடல். தினமும் இருபது கிலோ மாட்டுக்குடலும் இரைப்பையும் வரும். கல்லுப்பும் கோதுமை மாவும் போட்டுப் பிசைய வேண்டும். குச்சியை உள்ளே விட்டுப் புறம் மாற்றி, சளியை வழித்து, மறுபடி மாவு, மறுபடி உப்பு. இரைப்பையின் கறுப்புத் தோலைக் கொதிநீரில் முக்கிச் சுரண்ட வேண்டும். மழைக்காலத்தில் ஈக்கள் பறக்காமல் ஒட்டிக்கொள்ளும். வாடை தலைமுடியில் ஏறினால் இறங்காது. இருபத்தைந்து வருஷத்தில் அவளுக்கு ஒருநாளும் அது அருவருப்பாக இருந்ததில்லை. கழுவினால் போகிற அழுக்கு அது.

டப்பாவை அவர் கையிலிருந்து பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினாள். பிறகு பக்கத்துக் கறிக்கடைக்குப் போனாள். தூஷிக் மாட்டுத் தொடையைக் கொக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அவருக்கு நீ எடை போடறியா?"

"தெனமும் வருவாரு அண்ணி. அந்தக் கறித் தராசுலதான் ஏறி நிப்பாரு." அவன் முகம் மலர்ந்தது. "அம்பத்தெட்டு இருந்தாரு. இன்னிக்கு அம்பத்திரண்டு நானூறு. இந்த வயசுல எவனால முடியும்? நெசமாவே இது வேற ரகம்."

"அவர் தண்ணி குடிச்சு ரெண்டு நாளாச்சு."

"அது கடைசி ரெண்டு நாள் அப்பிடித்தான் அண்ணி" என்றவன் அவள் முகத்தைப் பார்த்ததும் கொக்கியை விட்டுவிட்டான். "வெளையாட்டுக்கு... அவரு வெளையாட்டுக்குச் செய்யறாருன்னு நெனச்சேன்."

விளையாட்டு எது என்று அவளுக்குத் தெரியும். அவள் கடையில் நடப்பதுதான்.

மாசான் மீன்சந்தையின் பின்வாசலில் இருக்கிறது 'சாம்பியன் குடல்சூப்'. சாயங்காலம் ஆனால் மூன்று பேர் வந்து நடு மேசையில் உட்காருவார்கள். மீன் ஏலத்தில் கூவுகிற நாம்கில், கறிக்கடைத் தூஷிக், டாக்சி ஓட்டும் பியொன். சோஜு சாராயப் புட்டியை உடைத்ததும் யாராவது ஒருத்தன் ஆரம்பிப்பான். இன்றைக்குப் பேச்சில் எந்தக் குத்துச்சண்டைக்காரனை யாரோடு ரிங்கில் இறக்கலாம்? அறுபதுகளில் இருந்தவனை எண்பதுகளில் இருந்தவனோடு இறக்குவார்கள். செத்தவனைச் சின்னப் பையனோடு இறக்குவார்கள். பெரும்பாலும் வந்து நிற்பது ஒரே இடத்தில். எழுபத்து நாலாம் வருஷத்துச் சாங்பே. எண்பத்தேழாம் வருஷத்துச் சோல் வீரன் இல்க்யூ.

"இல்க்யூ ஒயரம்டா. கை நீளம். அண்ணன் கிட்ட போறதுக்குள்ள மூணு குத்து விழும்" என்பான் பியொன்.

"விழட்டுமே. மூணு வாங்கிட்டு ஒண்ணு குடுப்பாரு. அந்த ஒண்ணுல இல்க்யூவோட ஈரல் வாய் வழியா வந்துரும்" என்பான் தூஷிக். சொல்லிக்கொண்டே தட்டிலிருந்த ஈரலை உப்பில் தொட்டு வாயில் போடுவான்.

"அந்தக் காலத்துல கிளவுஸ் கல்லு மாதிரி இருக்கும். இப்ப இருக்கிறது மெத்தை" என்பான் நாம்கில்.

"அந்தக் காலத்துல எதிராளி யாரு? வாழைப்பழம் விக்கிறவனைக் கப்பல்ல கூட்டிட்டு வந்து நிறுத்தினாங்க."

"டேய், வாயைக் கழுவு. அண்ணன் அங்க உக்காந்திருக்காரு."

"நான் அண்ணனச் சொல்லல. பொதுவாச் சொன்னேன். அண்ணனும் இல்க்யூவும் இறங்கினா டிரா. இதுக்கு மேல நான் எறங்கி வர மாட்டேன்."

"டிராவா? வண்டி ஓட்டற ஒனக்கு ரோடே ஒழுங்காத் தெரியாது. ஒனக்கு ரிங் தெரியுமா?"

விதி இரண்டுதான். ஒவ்வொருவனும் அவனுடைய நல்ல வருஷத்தில் இருப்பான். சாங்பே தோற்க மாட்டார். இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் மனைவி வைத்த சூப்பைக் குடித்துக்கொண்டு வேறெப்படிப் பேசுவது? அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் கட்சியில் சத்தம் போடுகிறவனுக்கு ஒரு கரண்டி குடல் கூடுதலாக விழும். சத்தம் இருந்தால் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இது கழுவினால் போகிற அழுக்கு இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் நாம்கில் நாற்காலியில் ஏறி நின்றான். கையில் கரண்டி. சீலாவும் கணவாயும் கூவுகிற அதே தொண்டையில் கூவினான்.

"ஜூன் கடைசிச் சனிக்கிழமை! நம்ம மாசான் ஸ்டேடியம்! பன்னிரண்டு ரவுண்டு! நீல மூலையில் சோல் நகரத்துச் சோ இல்க்யூ! சிவப்பு மூலையில்... மாசானின் இரும்புக்கை... ஓ... சாங்...பே!"

கடையே கைதட்டியது. மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து, நான்கு பக்கமும் திரும்பி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். கைதட்டல் கூடியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள்.

அவருக்கு எல்லாச் சண்டைக்கும் தேதி இப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

டப்பாவைப் பிடுங்கிய அன்றே அவரைப் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பியொனின் டாக்சியில்தான். கையில் நரம்பு கிடைக்கவில்லை. நான்காவது குத்தில் கிடைத்தது. பாட்டிலில் கால்வாசி இறங்குவதற்குள் சாங்பே ஊசியைப் பிடுங்கி எறிந்தார். படுக்கையில் ரத்தம் தெறித்தது.

"அது அரைக்கிலோ ஏறும்டா முட்டாள்" என்று ஆண் நர்ஸைத் திட்டினார்.

மருத்துவர் அவளை வெளியே அழைத்தார். "சிறுநீரகம் இப்பவே திணறுது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வாய் வழியாத் தண்ணி போகணும். இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரி. அங்க கை காலக் கட்டித்தான் ஏத்துவாங்க. இவருக்கு இருக்கற மூளைக்கு, கட்டினா அதுக்கப்புறம் மனுஷனா திரும்பி வருவாரான்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது மழை. சாங்பே பின் இருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கண்ணாடியில் வழிகிற தண்ணீரை நாக்கு தேடுவது போல உதடு அசைந்தது.

சாயங்காலம் மூன்று பேரையும் மேசையில் உட்கார வைத்தாள். சோஜு வைக்கவில்லை.

"நீங்க கட்டின சண்ட. நீங்களே அவுத்து விடுங்க."

நாம்கில் எழுந்து மூலைக்குப் போனான். கை இரண்டையும் முன்னால் கட்டிக்கொண்டான். "அண்ணே, சண்டை தள்ளிப் போயிருச்சு."

"எத்தன நாளு?"

"ஒரு... ஒரு மாசம்."

"அப்பிடியா." சாங்பே யோசித்தார். "அப்ப அதுவரைக்கும் எடையப் பிடிச்சு வெக்கணும்."

நாம்கில் திரும்பி வந்து உட்கார்ந்தான். "சும்மா தள்ளிப் போச்சுன்னு சொன்னா எப்பிடிடா?" என்று பியொன் எழுந்தான். "அண்ணே, அவன் சொல்றதக் கேக்காதீங்க. சண்ட முடிஞ்சிருச்சு. நேத்து. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

சாங்பேயின் முகம் விரிந்தது. வெடித்த உதட்டில் ரத்தம் துளிர்த்தது. "எத்தனாவது ரவுண்டு?"

"ஒம்பது."

"ஒம்பதா? நாலுலயே முடிஞ்சது" என்றான் தூஷிக்.

"நாலுல கீழதான் விழுந்தான். எந்திரிச்சிட்டான்ல?"

"எங்கடா எந்திரிச்சான்? ஈரல்ல வாங்கினவன் எந்திரிப்பானா?"

"இல்க்யூ எந்திரிப்பான். அவனை அவ்வளவு மட்டமாப் பேசாத. எண்பத்தேழுல ரெண்டு தடவ விழுந்து எந்திரிச்சவன்."

"அது வேற கை. அண்ணனோட கையா அது?"

ஐந்து நிமிஷத்தில் மூவரும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாம்கிலின் வாயோரத்தில் நுரை கட்டியிருந்தது. தாங்கள் சொல்வது பொய் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. சாங்பே ஒவ்வொருத்தர் வாயையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார். மால்சூன் கஞ்சித் தண்ணியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"ஜெயிச்சாச்சில்ல. குடிங்க."

அவர் கிண்ணத்தைத் தள்ளினார். "ஜெயிச்சவன் தொண்ணூறு நாளைக்குள்ள மறுபடி எறங்கணும். இப்ப குடிச்சா ஏறிரும். ஏறினா எறக்கறது கஷ்டம்."

அவள் மூன்று பேரையும் பின்பக்கம் கூட்டிப் போனாள். கூரைத் தகரத்தில் மழை அடித்தது. குடல் ஊறுகிற தொட்டிகளுக்கு நடுவில் நின்றார்கள்.

"தோத்துட்டாருன்னு சொல்லுங்க" என்றாள்.

நாம்கில் ஒரு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தோத்தாத்தான் முடியும். தோத்தவனுக்கு எடை கெடையாது. ஒரு வார்த்தை. மூணு பேரும் சேர்ந்து சொன்னா நம்புவாரு."

"அண்ணி, அது மட்டும் முடியாது." நாம்கில் தலையை ஆட்டினான். "எழுபத்து நாலுல நான் எட்டாங்கிளாஸ். ஸ்டேஷன்லேர்ந்து அண்ணன் தெறந்த ஜீப்புல வந்தாரு. எங்கப்பா தோள்ல உக்காந்து பாத்தேன்."

"எட்டாங்கிளாஸ் பையனை எந்த அப்பன்டா தோள்ல தூக்கினான்?" என்றாள். "சரி. அவரு செத்தா பாடையத் தூக்க நீ தோள் குடுப்பியில்ல?"

"அப்பிடிச் சொல்லாதீங்க அண்ணி."

"தூஷிக், நீ சொல்லு."

"எப்பிடி அண்ணி? அது பொய்யாச்சே."

"ஜெயிச்சாருன்னது மட்டும் நெசமா?"

தூஷிக் தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அது பொய்யின்னு சொல்ல முடியாதுண்ணி. நடந்திருந்தா அப்பிடித்தான் நடந்திருக்கும்."

அவள் பியொனைப் பார்த்தாள். இல்க்யூவின் கட்சிக்காரன் அவன். எட்டு வருஷமாக இல்க்யூவின் கை நீளத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவன்.

"டிரான்னு வேணா சொல்றேன்" என்றான் பியொன்.

நன்றாகத் தின்று கொழுத்த மூன்று ஆண்கள். அவர் செத்தாலும் இவர்களுக்கு நஷ்டமில்லை. செத்தவர் இன்னும் நன்றாகச் சண்டை போடுவார். எழுபத்து நாலு சாங்பேக்குச் சிறுநீரகம் கெடாது, வாய் நாறாது, கையும் நடுங்காது. அவர்களுக்கு வேண்டியது அந்த ஆள். இங்கே டப்பாவில் துப்புகிற ஆள் அவர்களுக்கு இடைஞ்சல்.

"போங்க. கடைய மூடணும்" என்றாள். தொட்டியிலிருந்த மாவுத் தண்ணீரை அவர்கள் நிற்கும்போதே தரையில் கவிழ்த்தாள். மூன்று பேரும் காலைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

மறுநாள் குடல் வாங்கவில்லை. கதவை முக்கால்வாசி இறக்கி வைத்தாள். சாங்பேயால் உட்கார முடியவில்லை. அவரை மூலைச் சுவரில் சாய்த்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். அவர் கையைப் பிடித்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளின இடம் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது.

பதினோரு மணிக்கு நாம்கில் கதவுக்கு அடியில் குனிந்து வந்தான். பிளாஸ்டிக் பையில் உயிருள்ள கடல் நத்தைகள் ஐந்தாறு இருந்தன. ஏலத்தில் நல்லதாகப் பொறுக்கியிருப்பான். "அண்ணனுக்குக் கஞ்சி வைங்க" என்று சொல்லி வாசல் பக்கமே நின்றான். அவள் பையை வாங்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

அவள் சாங்பேக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க. நேத்து நடந்ததைச் சொல்லட்டுமா?"

"என்ன நடந்தது?"

"சண்டை."

"ஜெயிச்சேன்ல?"

"இல்ல."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வாசலில் நாம்கில், "அண்ணி..." என்றான். அவள் திரும்பவில்லை.

அவளுக்கு ரிங் தெரியாது. ஏற்றுமதி வளாகத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். அவருடைய சண்டைகளில் ஒன்றைத்தான் நேரில் பார்த்திருக்கிறாள். எழுபத்தொன்பது, பூசான். அப்போது வயிற்றில் யொங்ஜு ஐந்து மாதம். அதைப் பற்றி அவரிடம் அவள் பேசியதே கிடையாது. வேறு யாரிடமும் பேசியதில்லை. இப்போது எதிராளியின் பேரை மட்டும் மாற்றினாள். மீதியை இருந்தபடியே சொன்னாள்.

"முதல் ரெண்டு ரவுண்டு நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவதுல இடது புருவம் கிழிஞ்சுது. பஞ்சு வெச்சு அடைச்சாங்க. நிக்கல. ரத்தம் கண்ணுக்குள்ள போச்சு. அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றது உங்களுக்குத் தெரியவே இல்ல. இல்க்யூ அந்தப் பக்கமே அடிச்சான்."

"இடது" என்றார் சாங்பே.

"இடதுதான். அஞ்சாவதுல கால் பின்னிக்கிச்சு. ஒங்க மூலையில அந்தக் கெழவன் இருந்தான்ல, அவன் முடிச்சுக்கலாம்னு சொன்னான். நீங்க அவனைத் தள்ளி விட்டீங்க. தொட்டியில வாந்தி எடுத்துட்டு மறுபடி போனீங்க. ஆறாவது ரவுண்டு முழுக்கக் கயித்துமேல சாஞ்சு வாங்கினீங்க. எனக்குப் பக்கத்துல ஒருத்தன் கணவாய மென்னுக்கிட்டே, இன்னும் குடு இன்னும் குடுன்னு கத்தினான். அவன் எச்சி என் கன்னத்துல தெறிச்சது."

அவள் கை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைப் போட்டுப் பிசைந்தது.

"ஏழாவது ரவுண்டுல மணி அடிச்சதும் நீங்க எதிர்ப் பக்கம் போகல. நடுவர் பக்கம் போனீங்க. யாரு எதிராளின்னு தெரியல. இல்க்யூ வந்து தோளத் தொட்டுத் திருப்பினான். திருப்பிட்டு அடிச்சான். தாடையில. நீங்க முகம் குப்புற விழுந்தீங்க. கைய ஊணக்கூட இல்ல."

கதவில் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாங்பே தன் தாடையைத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் அங்கேயே நின்றன.

"எந்திரிச்சேனா?"

இதை அவள் எதிர்பார்த்திருந்தாள்.

"எந்திரிக்கல."

"எண்ணினாங்களா?"

"பத்தும் எண்ணினாங்க. பட்டமும் போச்சு. இனிமே எறங்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. எல்லாம் முடிஞ்சுது."

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத மாதிரி வாய் கோணியது. அழுவதற்கும் அந்த உடம்பில் தண்ணீர் இல்லை. பிறகு பெருமூச்சு விட்டார். மூட்டையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு.

"அப்ப தண்ணி குடிக்கலாம்" என்றார்.

அவள் கஞ்சித் தண்ணியைக் கரண்டியில் எடுத்து அவர் உதட்டில் வைத்தாள். முதல் கரண்டி வழிந்துவிட்டது. இரண்டாவது உள்ளே போயிற்று. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு மூன்றாவதை எடுத்தாள்.

வாசலில் நாம்கில் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். பையிலிருந்த நத்தைகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. அவனால் தாங்க முடியவில்லை.

"இருந்தாலும் ஏழுல இருக்காது அண்ணி" என்றான். "இல்க்யூகிட்ட அந்த மாதிரி வலது கெடையாது. அண்ணன் பத்து வரைக்குமாவது போயிருப்பாரு. கொறஞ்சது பத்து."

மால்சூன் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். கைக்கு எது அகப்படும் என்று பார்த்தாள். அதற்குள் பின்னால் சாங்பே பேசினார். குழறல் இல்லாமல், எரிச்சலோடு.

"ஏழுதான்டா. விழுந்தவன் நானு. எனக்குத் தெரியாதா?"

கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார். பாதி சட்டையில் கொட்டியது. மீதியைக் குடித்தார்.